தேடுவதற்கு ஒரு கணக்கு, தேற்றுவதற்கு ஒரு கணக்கு

ஆள் காணாமல் ஆக்கப்பட்ட வீட்டுக்கு இரண்டு விதச் செலவு வந்து சேர்கிறது. ஒன்று, அவரைத் தேடும் செலவு: வழக்கு, பயணம், விசாரணை, அகழ்வு, மரபணுச் சோதனை. இன்னொன்று, அவர் இல்லாத வீட்டை நடத்தும் செலவு: அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு. இலங்கையில் 1980களில் தொடங்கி இன்றும் தீராத இந்த விவகாரத்தை, இவ்விரண்டு செலவுகளையும் யார் ஏற்றார்கள் என்று கேட்டுப் பார்த்தால், ஆணைக்குழுக்களின் பெயர்ப் பட்டியலில் தெரியாத ஒன்று தெரிகிறது. இரண்டாவது செலவுக்கு அரசு அவ்வப்போது உதவிக் கை நீட்டியது. முதல் செலவைக் கேட்டபோதெல்லாம் அந்தக் கை சுருங்கியது.

முதல் பத்தாண்டில் இரண்டு செலவுமே குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது. 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கொத்தாகக் கைதானபோது அவர்களின் தாய்மார் அன்னையர் முன்னணி அமைத்துத் தெருவில் இறங்கினார்கள். 1987 முதல் 1989 வரை நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய விதமும் தென்னிலங்கையில் பல்லாயிரம் சிங்கள இளைஞர்களை விழுங்கின. 1990இல் மாத்தறையில் தெற்கின் அன்னையர் முன்னணி பிறந்தது. அதே காலத்தில் கிழக்கில் முகாம்களுக்கும் சுற்றிவளைப்புகளுக்கும் கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பவில்லை. விடுதலைப் புலிகள் பிடித்துப்போனவர்களின் வீடுகளும், போர்முனையில் தொலைந்த சிப்பாய்களின் வீடுகளும் இதே வரிசையில் வந்து நின்றன.

தேடுவது என்றால் முகாம் முகாமாக ஏறி இறங்குவது. கொழும்புக்குப் பேருந்துக்கும் இரயிலுக்கும் காசு, தங்குமிடம், ஆட்கொணர்வு மனுவுக்கு வக்கீல் கட்டணம். நகை அடகுக்குப் போகும். பிறகு காணி போகும். போதாததற்குத் தரகர்கள் முளைத்தார்கள். ‘உங்கள் பிள்ளையை இன்ன முகாமில் பார்த்தேன், இவ்வளவு கொடுத்தால் சேதி கொண்டுவருகிறேன்’ என்று வந்தவர்களிடம் பணத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. அந்த வீடுகளில் மிஞ்சியது ஒரு கோப்பு: பிளாஸ்டிக் உறையிட்ட புகைப்படம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கம் தந்த பதிவுச் சீட்டு, ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் எழுதிய கடிதத்தின் நகல். புதிய விசாரணை அமைப்பு ஒன்று வரும்போதெல்லாம் அந்தக் கோப்பு முழுவதையும் மறுபடி நகலெடுக்க வேண்டும். அந்த நகலுக்கான காசைக்கூட எந்த அமைப்பும் திருப்பித் தரவில்லை.

இந்தக் கோப்புகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முயன்றவர்களில் ஒருவர் அப்போது எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மகிந்த ராஜபக்ச. 1990 செப்டம்பரில் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட அவரிடமிருந்து நூற்றுக்கணக்கான ஆவணங்களையும் புகைப்படங்களையும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸ் பறிமுதல் செய்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஜனாதிபதி நாற்காலியில் இருந்துகொண்டு, தன் ஆட்சியிலும் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அவரே ஆணைக்குழு அமைக்க நேர்ந்தது.

அரசுப் பணம் முதலில் ஆணைக்குழுக்களின் வழியாக வந்தது. 1991 ஜனவரியில் ஜனாதிபதி பிரேமதாச அமைத்த குழு இனிமேல் நடப்பதை மட்டுமே விசாரிக்கலாம் என்ற வரம்போடு பிறந்தது. பழைய கணக்கு அதற்குள் வரவில்லை. 1994 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மூன்று வலய ஆணைக்குழுக்களை அமைத்தார். 1988 ஜனவரி 1க்குப் பிந்தைய சம்பவங்களை அவை எடுத்துக்கொண்டன. மூன்றுக்கும் சேர்த்து 27,526 முறைப்பாடுகள் வந்தன; 16,742 பேர் காணாமல் ஆக்கப்பட்டது உறுதி என்று அவை முடிவுக்கு வந்தன. மிஞ்சிய பத்தாயிரம் சொச்ச முறைப்பாடுகளை 1998இல் அமைந்த அகில இலங்கை ஆணைக்குழு பார்த்தது. அதன் தலைவி மனோரி முத்தெட்டுவேகம. சாட்சி கேட்பதற்கும் அறிக்கை அச்சிடுவதற்கும் கஜானா திறந்தது. அறிக்கையில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள்மேல் வழக்கு நடத்த அப்படித் திறக்கவில்லை. நீதிமன்றம் வரை போன வழக்குகள் முறைப்பாடுகளின் எண்ணிக்கைக்கு முன் மிகச் சொற்பம்.

அந்த ஆணைக்குழுக்களால் குடும்பங்களுக்குக் கிடைத்த நடைமுறைப் பயன் மரணச் சான்றிதழும் அதன் பின்னால் வந்த இழப்பீடும். இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. சென்னையின் காசிமேட்டு மீனவர்களுக்கு இது புதிதல்ல. கடலுக்குப் போன ஆள் கரை திரும்பாவிட்டால், உடலும் ஒதுங்காவிட்டால், ஏழு ஆண்டு சேதி இல்லாமல் இருந்தால்தான் இறந்தவர் என்று அனுமானிக்கலாம் என்பது 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 1895இல் இயற்றப்பட்ட இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் அதைப் பார்த்து எழுதப்பட்டது. அங்கேயும் அதே 108. சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கைத் தொட முடியாது, படகின் பதிவை மாற்ற முடியாது, நிவாரணம் வாங்க முடியாது. 2017 ஒக்கி புயலில் தொலைந்த குமரி மாவட்ட மீனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு அந்த ஏழு ஆண்டுக் காத்திருப்பைத் தளர்த்திக் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் 2020 ஜூலையில் காசிமேட்டிலிருந்து போய்த் தொலைந்த ஒரு விசைப்படகு செப்டம்பரில் மியான்மர் பக்கம் கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் மிதந்தவர்கள் உயிரோடு மீட்கப்பட்டார்கள். சான்றிதழுக்கு அவசரப்படாமல் காத்திருக்கும் வீட்டின் நியாயம் அதில் இருக்கிறது.

கடல் கொண்டுபோனதற்கும் சீருடை கொண்டுபோனதற்கும் உள்ள வேறுபாடு, இரண்டாவதில் பதில் தெரிந்த ஒருவர் கரையிலேயே இருக்கிறார் என்பதுதான். 1995லும் பிறகு 1998லும் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய மரணப் பதிவுத் தற்காலிகச் சட்டங்கள், ஓராண்டுக்கு மேல் காணாதவரை இறந்தவராகப் பதியலாம் என்று வழி செய்தன. தெற்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வழியில் சான்றிதழ் வாங்கி இழப்பீடும் பெற்றன. வறுமை அப்படி இருந்தது. யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வடக்கு கிழக்கில் பலர் மறுத்தார்கள். கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடப்படும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. பிந்தைய வரலாறு அந்தப் பயத்தைப் பொய்யாக்கவில்லை.

இந்த முட்டுச்சந்துக்கு ஒரு மாற்றுவழி 2016இல்தான் வந்தது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற புதிய ஆவணத்தை உருவாக்கியது. ஆள் இறந்தார் என்று சொல்லாமலே வங்கியிலும் காணிக் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் காரியம் நடத்த அது உதவும். இப்படிப்பட்ட சான்றிதழ் அர்ஜென்டினாவில் 1994 முதலே நடைமுறையில் இருந்தது.

அரசு தேற்றாத இடத்தில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு நுழைந்தது. 1990 முதல் அது 16,000க்கு மேற்பட்டவர்களைக் காணாதவர்களாகப் பதிந்திருந்தது. அதில் 5,100 பேர் இராணுவத்தினரும் பொலிஸாரும். 2014 அக்டோபர் முதல் 2015 நவம்பர் வரை 395 குடும்பங்களைச் சந்தித்து அது நடத்திய தேவை ஆய்வு 2016இல் வெளியானது. குடும்பங்கள் முதலாவதாகக் கேட்டது அன்புக்குரியவருக்கு என்ன ஆனது என்ற பதிலை. பொருளாதார உதவி அதன் பிறகு வந்தது. அந்த ஆய்வை ஒட்டி அது நடத்திய துணைநிற்கும் திட்டத்தில் சிறுதொழிலுக்கு உதவித்தொகை, அலுவலக வேலைகளில் வழிகாட்டல், ஒரே நிலையில் உள்ள பெண்கள் கூடிப் பேசும் குழுக்கள் ஆகியவை இருந்தன. யார் செய்தது என்று விசாரிப்பது செஞ்சிலுவையின் வேலை அல்ல. இரகசியம் காப்பேன் என்ற நிபந்தனையில்தான் அது போர்க்களத்துக்குள்ளேயே நுழைய முடிகிறது. ஆகவே அதன் பணமும் இரண்டாவது கணக்கில்தான் சேர்ந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த வேறு நிதிகளும் பெரும்பாலும் அப்படியே. 1981இல் ஐ.நா. பொதுச்சபை தொடங்கிய சித்திரவதைக்கு உள்ளானோருக்கான தன்னார்வ நிதியம், பாதிக்கப்பட்டவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ, உளவியல், சட்ட உதவி தரும் அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. 1998இல் உருவான வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான ஆசியக் கூட்டமைப்பு மணிலாவை மையமாகக் கொண்டு, காஷ்மீரிலிருந்து இந்தோனேசியா வரை உள்ள குடும்பச் சங்கங்களை இணைத்தது. இலங்கைக்குள், சீதுவைக்கு அருகே ரத்தொலுகம சந்தியில் 2000இல் எழுந்த நினைவுச் சின்னம் குடும்பங்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து எழுப்பியது. ஓவியர் சந்திரகுப்த தேனுவர அதை வடிவமைத்தார். ஆண்டுதோறும் அக்டோபர் 27 அன்று அங்கே சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் கூடுகின்றன.

2009இல் போர் முடிந்தது. முள்ளிவாய்க்காலிலும் வட்டுவாகலிலும் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களின் கணக்கு பழைய கணக்கின் மேல் ஏறியது. 2013 ஆகஸ்டில் நீதிபதி மக்ஸ்வெல் பரணகம தலைமையில் அமைந்த ஆணைக்குழு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகளைப் பெற்றது. அடுத்த ஆண்டு அதன் பணி விரிக்கப்பட்டு, சர் டெஸ்மண்ட் டி சில்வா தலைமையில் வெளிநாட்டுச் சட்ட வல்லுநர் குழு ஆலோசகராக அமர்ந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் சாட்சி சொல்ல வந்தபோது, ஆடு வேண்டுமா, கோழி வேண்டுமா, வீடு வேண்டுமா என்ற தொனியில் கேள்விகள் வந்ததாக அவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். ‘பிள்ளை எங்கே என்று கேட்க வந்தோம்’ என்பதே அவர்களின் பதிலாக இருந்தது. தேடும் கணக்கை நிவாரணக் கணக்காக மாற்றும் வேலை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் நடக்கவில்லை.

இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிப் பணம் ஒதுக்கிய முதல் ஏற்பாடு 2015 அக்டோபரின் ஐ.நா. மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்துக்குப் பிறகு உருவானது. தேடுவதற்குக் காணாமற்போனோர் அலுவலகம்; தேற்றுவதற்கு இழப்பீட்டு அலுவலகம். முதலாவதற்கான சட்டம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். திரட்டு நிதியத்திலிருந்து போதுமான பணம் தரப்பட வேண்டும் என்றும், உள்நாட்டிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ நன்கொடை, மானியம் பெறலாம் என்றும் அது சொன்னது. அந்த வெளிநாட்டுப் பணப் பிரிவுதான் நாடாளுமன்றத்தில் தீப்பற்றியது. இராணுவத்தினரைப் பிடித்துக்கொடுக்க வெளிநாடு கூலி கொடுக்கப்போகிறது என்று ராஜபக்ச அணி பிரசாரம் செய்தது. எவருடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அலுவலகத்துக்கு அதிகாரம் தந்த வாசகம் 2017இல் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. சட்டம் நிறைவேறி ஒன்றரை ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரி இறுதியில்தான் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். தலைவர் சாலிய பீரிஸ். அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டடம் பிடிக்கவும் ஆள் எடுக்கவுமே ஆண்டின் பெரும்பகுதி ஓடிவிட்ட அலுவலகத்தால் அதைச் செலவழிக்க முடியாது என்பது ஒதுக்கியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அலுவலகம் தேடும் வேலைக்கு நேரடியாகப் பணம் செலவிட்ட முதல் பெரிய இடம் மன்னார். 2018 மார்ச்சில் சதொச என்ற அரசு விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. பேராசிரியர் ராஜ் சோமதேவ குழுவின் அகழ்வுக்கு அலுவலகம் நிதியுதவி செய்தது. முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன; அவற்றில் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த முடிவு, எலும்புகள் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை என்றது. குடும்பங்களின் வழக்கறிஞர்கள் ஏற்கவில்லை. முந்நூறு எலும்புக்கூடுகளுக்கு ஆறு மாதிரி போதுமா என்று கேட்டார்கள். அறிவியலில் நியாயமான கேள்வி அது. கூடுதல் சோதனைக்குக் கூடுதல் பணம் வேண்டும். அகழ்வு அத்தோடு நின்றது.

மறுபக்கம், அதே அலுவலகம் 2018இல் தந்த இடைக்கால அறிக்கை, சான்றிதழ் பெற்ற குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கப் பரிந்துரைத்தது. 2019 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதற்கு 50 கோடி ரூபாய் ஒதுக்கினார். இறுதி இழப்பீட்டை வாங்கியதாக ஆகாது, விசாரணையை நிறுத்தாது என்று அறிவிக்கப்பட்ட அந்த மாதத்தொகைதான் இந்த நெடுங்கதையில் குடும்பங்களின் நிலையை ஓரளவு புரிந்துகொண்ட ஒரே அரசு உதவி. வெகு சிலர் கைக்குப் போவதற்குள் நவம்பரில் ஆட்சி மாறியது. 2020 ஜனவரியில் புதிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் கொடுக்கப்படும் என்றார்.

அதன்பின் மாதத்தொகை மறைந்து ஒரே தவணைத் தொகை வந்தது. 2022 மார்ச்சில் அமைச்சரவை குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று முடிவு செய்தது. பொருளாதாரம் சரிந்து ரூபாயின் மதிப்பு பாதியான பிறகு, அவ்வாண்டு அக்டோபரில் அது இரண்டு இலட்சமானது. 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச் முதல் முல்லைத்தீவிலும் வீதியோரக் கொட்டகையில் தொடர் போராட்டம் நடத்திவந்த தாய்மார் சங்கங்கள் இரண்டையும் நிராகரித்தன. எடுத்துக்கொண்ட குடும்பங்களும் இருந்தன. போராட்டக் கொட்டகைக்கான வாடகை, உணவு, ஜெனீவாப் பயணம் போன்றவற்றை ஊராரும் புலம்பெயர்ந்த உறவுகளும் கொடுத்ததால், இதெல்லாம் வெளிநாட்டுப் பணம் என்ற ஏளனமும் கூடவே வந்தது.

இந்தப் பிளவு இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. அர்ஜென்டினா 1994இல் சட்டம் போட்டு, இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட ஒவ்வொருவரின் வாரிசுக்கும் 2,24,000 டாலர் மதிப்புள்ள அரசுப் பத்திரம் கொடுத்தது. பிள்ளைகளைத் தேடிப் போராடிய மே சதுக்கத் தாய்மாரில் எபே தே போனாபினி தலைமையிலான பிரிவு அதை இரத்தப் பணம் என்று ஒதுக்கியது. இன்னொரு பிரிவு அவரவர் விருப்பம் என்றது. ஆனால் அங்கே தேடும் கணக்கு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1984இல் அமெரிக்கத் தடயவியல் அறிஞர் கிளைட் ஸ்னோவின் பயிற்சியில் தொடங்கிய தடயவியல் மானிடவியல் குழு மாணவர்களை வைத்தே வேலையை ஆரம்பித்தது. 1987இல் சட்டப்படி தேசிய மரபணு வங்கி அமைந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் இறந்தாலும் அவர்களின் இரத்த மாதிரி பேரப்பிள்ளையை அடையாளம் காட்டும்படி அது சேமித்து வைத்தது. பணம் வாங்கியவர்கள் பதிலை இழக்கவில்லை.

இலங்கையில் புதைகுழி தோண்டும் பணம் வழக்குக்கு வழக்கு கேட்டுப் பெற வேண்டியது. நீதவான் கட்டளையிடுவார், சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் செலவுத் திட்டம் தயாரிப்பார்கள், அது மாவட்டச் செயலகம் வழியாக நீதியமைச்சுக்குப் போகும், அனுமதி வந்த பிறகுதான் மண்வெட்டி மண்ணில் இறங்கும். 2023 ஜூனில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கும்போது வெளிப்பட்ட புதைகுழி இந்த வழியின் எல்லா மேடுபள்ளங்களையும் காட்டியது. செப்டம்பரில் தொடங்கிய அகழ்வு நின்றது, நவம்பரில் மீண்டும் நடந்தது, பணம் இல்லை என்று மறுபடி மாதக்கணக்கில் கிடந்தது, 2024 ஜூலையில் முடிந்தது. 52 உடல்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இடைவெளிகளில் குழி தறப்பாளால் மூடப்பட்டு மழைக்கும் வெயிலுக்கும் கிடந்தது. எலும்போடு ஒட்டிய மண்ணும் துணியும் சாட்சியம் என்ற அளவில் அந்தத் தாமதம் வெறும் கணக்குப் பிரச்சினை அல்ல.

யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணிப் புதைகுழி இதைவிடப் பெரியது. 1998இல் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச நூற்றுக்கணக்கான உடல்கள் அங்கே புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார்; 1999 அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டதோடு வேலை ஓய்ந்தது. 2025 பிப்ரவரியில் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் மீண்டும் தலைகாட்டின. மே மாதம் அகழ்வு தொடங்கி, செப்டம்பர் தொடக்கத்துக்குள் 240 அளவில் எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவின்படி கண்டெடுக்கப்பட்ட பொருள்கள் குடும்பங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன: பள்ளிக்கூடப் பை, பால் போத்தல், பொம்மை, வளையல், செருப்பு. அகழ்வுக் கட்டங்களுக்கு அரசு பணம் விடுவித்தது, ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக. அடுத்த கட்டம் வேண்டுமென்றால் மறுபடி செலவுத் திட்டம், மறுபடி காத்திருப்பு.

நாட்டுக்கு வெளியே சாட்சியம் சேர்க்கும் பணமும் இதே காலத்தில் தகராறாகியது. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சாட்சியங்களைத் திரட்டிக் காக்கும் பிரிவு ஒன்றை மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தில் உருவாக்கியது. 22 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, 14 ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. அதற்கு மதிப்பிட்ட செலவு 28 இலட்சம் டாலர். தன் சம்மதமின்றித் தன்மேல் செலவழிக்கிறார்கள் என்று இலங்கை ஆட்சேபித்தது. 2025 அக்டோபரில் 60/1 தீர்மானம் அந்தப் பணியை மேலும் இரண்டு ஆண்டுக்கு நீட்டித்தது. உறுப்பு நாடுகள் சந்தா பாக்கி வைத்ததால் ஐ.நா.வே பணமுடையில் இருந்த நேரம் அது.

காணாமற்போனோர் அலுவலகத்தின் கையில் ஏறக்குறைய 15,000 முறைப்பாடுகள் விசாரணைக்கு இருக்கின்றன. அதன் விசாரணையில் என்ன ஆனார்கள் என்று தெரிந்தவர்களின் எண்ணிக்கை 2025 வரை முப்பதைத் தொடவில்லை. தோண்டியெடுத்த எலும்புகளை உறவினரின் மரபணுவோடு ஒப்பிட, அர்ஜென்டினாவில் உள்ளதுபோன்ற தேசிய வங்கி இலங்கையில் அதுவரை அமையவில்லை. மாதிரி தரவேண்டிய பெற்றோரில் பலர் முதியவர்கள். 2017இல் வீதியோரக் கொட்டகைகளில் உட்கார்ந்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். ஒதுக்கீடு கேட்டு நிற்கும் செலவினங்களில் மிக மலிவானதும், தள்ளிப்போட முடியாததும் அந்த மரபணு மாதிரிகளின் சேகரிப்புதான்.

(தொடரும்)